கண்ணுக்குள் விரல்

கொரோனா காலத்தில் காண்டாக்ட் லென்ஸ் போட்டவர்கள் எதற்குப் பயந்தோம், எதற்குப் பயப்பட மறந்தோம்?

பச்சை மிளகாய் நறுக்கிய அன்று லென்ஸில் கை வைக்கக் கூடாது. நம் ஊரில் லென்ஸ் போடுகிற யாரும் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவியிருப்போம். முகர்ந்து பார்த்தால் வாசனைகூட இருக்காது. ஆனால் ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் சேர்ந்து கருவிழி மேலிருக்கும் லென்ஸைக் கிள்ளி எடுக்கிற அந்த நொடியில், விரலில் என்ன மிச்சம் இருந்தது என்று தெரிந்துவிடும். அடுத்த அரை மணி நேரம் வாஷ்பேசினே கதி. மறுநாள் அதே லென்ஸை எடுத்துப் போட்டால் மறுபடியும் எரியும். காரத்தை அதுவும் குடித்து வைத்திருக்கும்.

மிளகாய் இப்படி உடனே காட்டிக்கொடுத்துவிடும். கிருமி காட்டிக்கொடுக்காது. 2020 மார்ச்சில் நாடே கை கழுவத் தொடங்கியபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்த எரிச்சல்தான். யாருக்குப் போன் போட்டாலும் அரசின் கொரோனா அறிவிப்பாக முதலில் ஓர் இருமல் கேட்டது. அப்புறம் ஒரு குரல் கையைக் கழுவு, முகத்தைத் தொடாதே என்று அறிவுரை சொன்னது. நானோ காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு என்று தினம் நான்கு தடவை வேண்டுமென்றே கண்ணுக்குள் விரலை விடுகிற ஆள். மைனஸ் ஐந்தரை பவர். பதினேழு வருஷப் பழக்கம்.

அந்த மாதம் அமெரிக்கக் கண் மருத்துவர்களின் சங்கமான அமெரிக்கன் அகாடமி ஆஃப் ஆப்தல்மாலஜி ஓர் ஆலோசனை சொன்னது. லென்ஸ் போடுகிறவர்கள் மற்றவர்களைவிடக் கண்ணை அதிகம் தொடுகிறார்கள், ஆகவே கொஞ்ச நாளைக்குக் கண்ணாடிக்கு மாறுவதைப் பற்றி யோசிக்கலாம் என்று. 'யோசிக்கலாம்' என்ற அந்தச் சொல் கடல் தாண்டி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்வதற்குள் உதிர்ந்துபோயிருந்தது. பெரியப்பா அனுப்பியதில், லென்ஸ் போட்டால் கொரோனா நிச்சயம் என்றே இருந்தது. கீழே சிவப்பில் ஒரு மண்டையோடு.

"அந்தக் கண்றாவியைத் தூக்கிப் போடுடி, முதல்ல" என்றாள் அம்மா.

தூக்கிப் போடவில்லை. கழற்றி டப்பாவில் வைத்தேன். ஐந்து வருஷத்துக்கு முந்தைய கண்ணாடியை அலமாரியிலிருந்து எடுத்தேன். பவர் ஒன்று குறைவு. டி.வி.யில் ஓடும் எழுத்து பனிமூட்டத்தில் தெரிகிற போர்டு மாதிரி இருந்தது. புதுக் கண்ணாடி போடலாம் என்றால் மார்ச் 25 முதல் ஊரடங்கு. கண்ணாடிக் கடை ஷட்டர் கீழே இறங்கியிருந்தது.

கண் வழியாக வருமா?

பயம் முழுக்க ஆதாரமில்லாததும் இல்லை. வூஹான் மத்திய மருத்துவமனையில் கண் மருத்துவராக இருந்த லீ வென்லியாங்கை உலகமே அறியும். புதுக் காய்ச்சல் பற்றி 2019 டிசம்பர் கடைசியில் சக மருத்துவர்களை எச்சரித்து, அதற்காகக் காவல்துறையிடம் கண்டிப்பும் வாங்கியவர். கண் அழுத்த நோய்க்குச் சிகிச்சைக்கு வந்த ஒருவரிடமிருந்து தொற்றி, 2020 பிப்ரவரி 7 அன்று இறந்துபோனார். கண் மருத்துவருக்கும் நோயாளிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான் இருக்கும். அதனால் அவருக்கு மூச்சு வழியாகவே வந்திருக்கலாம். பெய்ஜிங்கிலிருந்து வூஹானுக்குப் போன நுரையீரல் நிபுணர் வாங் குவாங்ஃபாவோ, என்95 முகக்கவசம் போட்டிருந்தும் தனக்கு நோய் வந்ததற்குக் கண்ணை மூடாததே காரணமாக இருக்கலாம் என்று வெளிப்படையாகச் சொன்னார். காய்ச்சலுக்குச் சில மணி நேரம் முன்பு அவருக்கு ஒரு கண் சிவந்திருந்தது.

ஆனால் கணக்கு என்ன சொன்னது? சீனாவில் 1,099 நோயாளிகளை வைத்து வந்த ஆரம்பகால ஆய்வில் கண் சிவப்பு இருந்தவர்கள் 0.8 சதவீதம். ஹூபெய் மாகாணத்தின் ஒரு மருத்துவமனையில் 38 பேரைப் பார்த்ததில் 12 பேருக்குக் கண்ணில் ஏதோ ஒரு தொந்தரவு. இரண்டாவது சின்னக் கூட்டம், நோய் முற்றியவர்கள் அதில் அதிகம். எதைப் பிடித்துக்கொள்வது என்பது அவரவர் பயத்தின் அளவைப் பொறுத்தது. செய்தி சேனல்கள் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டன.

அந்த ஆண்டு செப்டம்பரில் இன்னொன்று வந்தது. அதே ஹூபெயில் சுய்சோவ் என்ற ஊரில் அனுமதிக்கப்பட்ட 276 நோயாளிகளில் நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் கண்ணாடி போடுகிறவர்கள் 16 பேர்தான், அதாவது 5.8 சதவீதம். அந்த வட்டாரத்தில் கிட்டப்பார்வை உள்ளவர்களோ 31.5 சதவீதம். அப்படியானால் கண்ணாடி காப்பாற்றுகிறது! உலகப் பத்திரிகைகள் எல்லாம் தலைப்புப் போட்டுவிட்டன. 31.5 என்ற எண் பழைய கணக்கெடுப்பு ஒன்றிலிருந்து எடுத்தது, நோயாளிகளோடு ஒப்பிட அதே ஊரில் ஆரோக்கியமானவர்கள் யாரையும் பார்க்கவில்லை என்ற விவரமெல்லாம் தலைப்பில் அடங்கவில்லை. ஆய்வை வெளியிட்ட இதழே, அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம் என்று பக்கத்திலேயே ஒரு குறிப்பையும் போட்டிருந்தது.

லென்ஸ் பக்கம் நின்றவர்களும் இருந்தார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் லிண்டன் ஜோன்ஸ், பிரிட்டனில் ஃபிலிப் மோர்கன், ஆஸ்திரேலியாவில் மார்க் வில்காக்ஸ் என்று லென்ஸையே வாழ்நாள் ஆராய்ச்சியாக வைத்திருப்பவர்கள் கூடி எழுதினார்கள். லென்ஸ் போடுகிறவருக்குக் கொரோனா அதிகம் தொற்றுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை, வழக்கமான கண்ணாடி காப்பாற்றும் என்பதற்கும் ஆதாரம் இல்லை, கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு லென்ஸைப் போடலாம், காய்ச்சல் சளி வந்தால் கழற்றிவிடுங்கள் என்றார்கள். அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி.யும் கிட்டத்தட்ட இதையே சொன்னது.

எனக்கு இவர்கள் சொன்னதுதான் சரி என்று படுகிறது. அதற்குக் காரணம் கொரோனாவுக்கு முந்தைய ஓர் ஆய்வு. 2015-இல் வெளிவந்த அந்த ஆய்வில் சிட்னி மருத்துவ மாணவர்களை வகுப்பில் வீடியோ எடுத்து எண்ணினார்கள். மணிக்குச் சராசரியாக 23 தடவை முகத்தைத் தொட்டார்கள். அதில் 44 சதவீதம் கண், மூக்கு, வாய் என்ற ஈரமான இடங்கள். அந்த 44-இல் கண்ணின் பங்கு நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல். கூட்டிக் கழித்தால் மணிக்கு இரண்டு மூன்று தடவை கண்ணில் விரல் படுகிறது. விழித்திருக்கும் நேரத்துக்கு முப்பது நாற்பது தடவை. அத்தனையும் கழுவாத கை, நாம் கவனிக்காத கை. லென்ஸுக்காக நான் கண்ணைத் தொடுவது நான்கே தடவை, அதுவும் கழுவிய பிறகு. பெரியப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டே அந்த மண்டையோட்டு மெசேஜை அனுப்பியிருப்பார் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

மூக்கு வேர்த்தது, கண்ணாடி வேர்த்தது

கண்ணாடிக்கு மாறியவர்களை மறுபடி லென்ஸ் பக்கம் தள்ளியது முகக்கவசம். ஏப்ரலில் அது கட்டாயமானது. வாயிலிருந்து வரும் சூடான ஈரக் காற்று போக வழியில்லாமல் மூக்கின் இரண்டு பக்க இடுக்கு வழியாக மேலே ஏறி, கண்ணாடியின் உட்புறம் படிந்துவிடும். சென்னை வெயிலில் தெருவில் நடக்கும்போது அவ்வளவாகத் தெரியாது. ஏ.சி. போட்ட மருந்துக் கடைக்குள் நுழைந்து பத்து நிமிஷம் வரிசையில் நின்று கண்ணாடி குளிர்ந்ததும் ஆரம்பிக்கும். மாத்திரை அட்டையில் தேதி பார்க்கலாம் என்று குனிந்தால் வெள்ளை. வெளியே வந்தால் புழுக்கக் காற்று பட்டு வெளிப்புறமும் வெள்ளை. என்ன செய்வோம்? கவசத்தை இறக்கி, கண்ணாடியைக் கழற்றி, துப்பட்டாவால் துடைத்து, கையோடு கண்ணையும் ஒரு துடை துடைத்துக்கொள்வோம். கண்ணைத் தொடக் கூடாது என்று போட்ட கண்ணாடி, பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கண்ணைத் தொட வைத்தது.

அறுவை அரங்கில் நாள் முழுக்கக் கவசத்தோடு நிற்கும் மருத்துவர்களிடம் ஒரு பழைய வைத்தியம் உண்டு. கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, அலசாமல் உதறிக் காயவைப்பது. சோப்பின் மெல்லிய படலம் நீர்த்துளி சேர விடாது. செய்து பார்த்தேன், ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தது. செப்டம்பரில் பஸ் மறுபடி ஓட ஆரம்பித்ததும் அலுவலகத்துக்குப் போக வேண்டியதாயிற்று. படிக்கட்டில் கால் வைத்ததும் கண் இருட்டி, ஏறும்போதே ஒரு பெரியவர் காலை மிதித்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கண்ணாடியும் வெள்ளையாக இருந்தது. அன்று சாயந்திரம் லென்ஸ் டப்பாவைத் தேடி எடுத்தேன்.

டப்பாவுக்குள்ளே

மார்ச்சில் கழற்றி வைத்தது. ஐந்து மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. மூடியைத் திருகியபோது ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. இடது கிண்ணத்தில் சொல்யூஷன் பாதிக்கு மேல் வற்றிப்போய், லென்ஸ் ஒரு பக்கம் மடிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. வலது பக்கம் பார்க்க நன்றாகவே இருந்தது. லென்ஸ் மிதந்தது, நீர் தெளிந்திருந்தது. டப்பாவின் உள்சுவரில் விரலை வைத்துப் பார்த்தேன். ஊறவைத்த சப்ஜா விதையைத் தொட்ட மாதிரி வழவழவென்றிருந்தது.

அந்த வழவழப்பு பாக்டீரியா தனக்குத் தானே கட்டிக்கொள்ளும் வீடு. அதற்குள் உட்கார்ந்துவிட்டால் சொல்யூஷன் எட்டாது. மேலே மேலே ஊற்றினால் மேலாக இருப்பது சாகும், அடியில் இருப்பது பிழைக்கும். வீட்டில் இட்லி மாவு சீக்கிரம் புளிக்க என்ன செய்கிறோம்? பழைய மாவில் ஒரு கரண்டி எடுத்துப் புது மாவில் கலக்கிறோம். நேற்றைய சொல்யூஷனைக் கொட்டாமல் அதன் மேலேயே இன்றைக்குக் கொஞ்சம் ஊற்றி 'நிரப்பி' வைக்கிற பழக்கமும் அதேதான். பாட்டில் அறுநூறு எழுநூறு ரூபாய் விற்கிறதே என்று நானும் வருஷக்கணக்காகச் செய்தவள்.

நான் மட்டுமில்லை என்பது கொஞ்சம் ஆறுதல். அமெரிக்காவில் லென்ஸ் போடுகிறவர்களைக் கேட்டுப் பார்த்து 2015-இல் சி.டி.சி. ஒரு கணக்கை வெளியிட்டது. ஏதாவது ஒரு தப்பாவது செய்கிறோம் என்று ஒப்புக்கொண்டவர்கள் 99 சதவீதம்! டப்பாவைக் காலம் கடந்தும் மாற்றாதவர்கள் 80 சதவீதத்துக்கு மேல். பழைய சொல்யூஷன் மேல் புதிதை ஊற்றுகிறவர்கள் பாதிக்கு மேல். லென்ஸோடு ராத்திரி தூங்கியிருக்கிறோம் என்றவர்கள் சரிபாதி. தூங்குவது எவ்வளவு பெரிய தப்பு என்பதற்கு ஆஸ்திரேலியாவில் எடுத்த கணக்கு இருக்கிறது. பகலில் மட்டும் சாஃப்ட் லென்ஸ் போடுகிறவர்களில் பத்தாயிரத்துக்கு ஏறத்தாழ இரண்டு பேருக்கு வருஷத்தில் கருவிழிப் புண் வருகிறது. போட்டுக்கொண்டே தூங்குகிறவர்களில் அது இருபது பேர் அளவுக்கு ஏறுகிறது. இமை மூடியிருக்கும்போது கருவிழிக்குக் காற்று வருவது ஏற்கெனவே குறைவு. அதன் மேல் ஒரு மூடியையும் போட்டால் என்ன ஆகும்?

ஊரடங்கு இந்தப் பழக்கங்களோடு இன்னொன்றையும் சேர்த்துவிட்டது. போடாமல் வைத்திருக்கும் லென்ஸுக்கு வயசாகாது என்ற நினைப்பு. மாத லென்ஸ் என்றால் முப்பது தடவை போடலாம் என்று அர்த்தமில்லை. உறையைக் கிழித்த நாளிலிருந்து ஒரு மாதம். ஒரே நாள்தான் போட்டிருந்தாலும் மாதம் முடிந்தால் குப்பைக்கு. திறந்த சொல்யூஷன் பாட்டிலுக்கும் பெரும்பாலும் மூன்று மாதம்தான் ஆயுள், அதன் மேலேயே எழுதியிருக்கும். பொடி எழுத்து. படிக்க லென்ஸ் வேண்டும்.

கழுவினோம், துடைத்தோமா?

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான். கொரோனா நம் எல்லோருக்கும் கை கழுவக் கற்றுக்கொடுத்தது. இருபது நொடி, விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு. ஆனால் கழுவிய கையைத் துடைக்க யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. நாம் சாப்பிட்டுக் கை கழுவினால் உதறிவிட்டுப் போகிறவர்கள். ரொம்பப் போனால் வேட்டியிலோ நைட்டியிலோ ஒரு தேய்ப்பு. லென்ஸ் போடுகிறவருக்கு ஈரக் கை ஆகவே ஆகாது.

ஏன் என்று புரிய, லென்ஸ் எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் பிராக் நகரத்தில் ஓட்டோ விக்டர்லே என்ற செக் வேதியியல் அறிஞர் தன் வீட்டுச் சமையல் மேஜை மேல், பிள்ளைகள் விளையாடும் மெர்க்கூர் என்ற இரும்புத் துண்டுப் பெட்டியையும் சைக்கிள் டைனமோவையும் கோத்து ஒரு சுழலும் இயந்திரம் செய்தார். அதில் திரவ பிளாஸ்டிக்கைச் சொட்டுச் சொட்டாக ஊற்றிச் சுழற்றி எடுத்ததுதான் சாஃப்ட் லென்ஸ். நீரைக் குடித்து மெத்தென்றாகும் பிளாஸ்டிக் அது. எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீர்தான், சில வகையில் பாதிக்கும் மேல். கண்ணில் போட்டதே தெரியாமல் இருப்பது அதனால்தான். அதே காரணத்தால் எது கிடைத்தாலும் குடித்துவிடும். மிளகாய்க் காரத்தைக் குடிக்கும். சானிடைசர் மிச்சத்தைக் குடிக்கும். குழாய்த் தண்ணீரையும் குடிக்கும்.

குழாய்த் தண்ணீரில் அகந்தமீபா என்று ஓர் உயிரி இருக்கிறது. ஒரே செல். மண்ணில், கிணற்றில், தொட்டியில், எங்கும் இருக்கும். குடித்தால் ஒன்றும் செய்யாது. கருவிழியில் சின்னக் கீறல் இருந்து, லென்ஸுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் உள்ளே துளைத்துப் போகும். ஆபத்து வந்தால் கூடு கட்டி அதற்குள் ஒடுங்கிக்கொள்ளும், குளோரினுக்கெல்லாம் அசையாது. கண்ணில் தெரியும் புண்ணுக்குச் சம்பந்தமே இல்லாத வலி வரும். ராத்திரி பகல் பார்க்காமல் மணிக்கு ஒரு தடவை சொட்டு மருந்து, அப்புறம் மாதக்கணக்கில் சிகிச்சை. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையின் ஆய்வாளர்கள், தென்கிழக்கு இங்கிலாந்தில் 2011-க்குப் பிறகு இந்த நோய் கிட்டத்தட்ட மூன்று மடங்கானதாக 2018-இல் எழுதினார்கள். 2022-இல் வந்த அவர்களின் அடுத்த ஆய்வு, தினம் போட்டுத் தூக்கியெறியும் லென்ஸைவிடக் கழற்றிக் கழற்றிப் போடும் லென்ஸில் ஆபத்து ஏறக்குறைய நான்கு மடங்கு என்றும், லென்ஸோடு ஷவரில் குளிப்பவர்களுக்கு மூன்று மடங்குக்கு மேல் என்றும் சொன்னது.

குழாயைத் திறந்தால் குளோரின் போட்ட தண்ணீர் வருகிற நாட்டின் கணக்கு இது. நமக்கு லாரித் தண்ணீர் சம்ப்பில் இறங்கி, சம்ப்பிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறி, தொட்டியிலிருந்து குழாய்க்கு வருகிறது. எங்கள் வீட்டுத் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினோம் என்று அண்ணனைக் கேட்டேன். "கழுவணும்" என்றான். கொரோனா காலத்தில் ஒரு நாளைக்கு இருபது தடவை கையை நனைத்தோமே, அதில் ஒரு தடவை ஈரத்தோடு லென்ஸைத் தொட்டால் போதும்.

சானிடைசர் கதை வேறு. லிஃப்ட் வாசலில் அழுத்தி, காய்கறி வாங்கி அழுத்தி, வீட்டுக்குள் நுழைந்ததும் அழுத்தி, அப்படியே கண்ணாடி முன் போய் லென்ஸைக் கழற்றியவர்கள் எத்தனை பேர்! ஆல்கஹால் காய்ந்தாலும் அதோடு கலந்த மற்றதெல்லாம் விரலில் பிசுபிசுவென்று நிற்கும். கருவிழியின் மேல்தோலை அது உரித்துவிடும். லென்ஸே போடாத குழந்தைகளையும் இது விடவில்லை. கடை வாசலில் காலால் மிதிக்கும் சானிடைசர் ஸ்டாண்ட் பெரியவர் இடுப்புயரம், குழந்தைக்குச் சரியாக முகத்துக்கு நேரே. பிரான்சில் 2020 ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை சானிடைசர் கண்ணில் பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை முந்தைய வருஷத்தைப்போல ஏழு மடங்கு என்று விஷக் கட்டுப்பாட்டு மையங்களின் கணக்கு காட்டியது.

சொல்யூஷன் கொரோனாவைக் கொல்லுமா என்று கேட்கிறவர்களுக்கு: சிட்னியில் வில்காக்ஸின் ஆய்வகத்தில், எலிகளைத் தாக்கும் ஒருவகைக் கொரோனா வைரஸை வைத்துச் சோதித்தார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு, போவிடோன் அயோடின் கலந்த திரவங்கள் அதை அழித்துவிட்டன. நம்மில் பலரும் வாங்குகிற சாதாரணப் பல்நோக்கு சொல்யூஷன்களில் சும்மா ஊறப்போட்டால் வைரஸ் அப்படியே இருந்தது. உள்ளங்கையில் வைத்து விரலால் தேய்த்து, புது சொல்யூஷனால் அலசினால் போய்விட்டது. தேய்க்க வேண்டியதில்லை என்று பாட்டிலில் விளம்பரம் செய்தே நம்மைச் சோம்பேறியாக்கிய ஒரு காலம் இருந்தது.

கழற்ற முடியாதவர்கள்

'கண்ணாடிக்கு மாறுங்கள்' என்று சொன்னபோது ஒரு கூட்டத்தை எல்லோருமே மறந்துவிட்டார்கள். கெரட்டோகோனஸ் என்ற நோயில் கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் தள்ளிவிடும். பெரும்பாலும் பதின்வயதில் தொடங்கும். எந்தக் கண்ணாடி போட்டாலும் ஒரு விளக்கு நான்கு விளக்காகத் தெரியும். கெட்டி லென்ஸோ, உப்புநீர் நிரப்பி வெள்ளை விழி மேல் உட்காரவைக்கும் பெரிய ஸ்கிளீரல் லென்ஸோ போட்டால்தான் படிக்க முடியும், வண்டி ஓட்ட முடியும். பிறவிக் கண்புரைக்கு அறுவை முடிந்த கைக்குழந்தைக்கும் அப்படித்தான், அதன் லென்ஸைத் தினமும் கழற்றி மாட்டுவது அம்மாவின் விரல். இவர்களுக்கு லென்ஸ் அழகுச் சாமான் இல்லை. லென்ஸ் உடைந்தால், தொலைந்தால், அளவெடுத்துத் தருகிற பிரிவு மூடியிருந்தால், பார்வை இல்லை.

புண் வந்தாலும் அந்த மாதங்களில் போக்கிடம் குறைவு. அவசர சிகிச்சை மட்டும் நடந்தது. இறந்தவர் வீட்டுக்குப் போய்க் கண்தானம் பெறுவது கிட்டத்தட்ட நின்றுபோயிருந்ததால், முற்றிய புண்ணுக்கு வைக்கக் கருவிழியும் இல்லை. ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. நம் ஊரில் கருவிழிப் புண்ணோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் லென்ஸைக் கண்ணால்கூடப் பார்த்திராதவர்கள். நெல் உமியும் வைக்கோலும் மண்ணும் தெறித்துப் பூஞ்சை பிடித்த விவசாயக் கூலிகள். ஊரடங்கில் பஸ் நின்றபோது அவர்கள் மதுரை, திருச்சி கண் மருத்துவமனைகளுக்கு எப்படி வந்திருப்பார்கள்? அது தனியாக எழுத வேண்டிய கதை.

ஊரடங்கு தளர்ந்து கல்யாணங்கள் தொடங்கியதும் கலர் லென்ஸ் திரும்பி வந்தது. ஐம்பது பேர்தான் மண்டபத்தில், ஆனால் மணப்பெண்ணுக்குச் சாம்பல் நிறக் கண். பவர் இல்லாத லென்ஸ்தானே என்று பார்லரில் எடுத்துக் கொடுக்கிறார்கள். அக்காவின் நிச்சயதார்த்தத்துக்குப் போட்டதைத் தங்கையின் வளைகாப்புக்கு எடுத்துப் போடுகிறார்கள். அமெரிக்காவில் 2005-இலிருந்து பவர் இல்லாத கலர் லென்ஸுக்கும் மருத்துவர் சீட்டு கட்டாயம். இங்கே ஆன்லைனில் சேலையோடு சேர்த்து வாங்கலாம்.

மெட்ராஸ் ஐ சொன்ன பாடம்

கொரோனா கண் வழியாக அவ்வளவாக வரவில்லை. விரலிலிருந்து கண்ணுக்கு நேராக வருகிற நோய் நமக்குப் பழையது, நம் ஊர்ப் பெயரையே தாங்கியது. 1918-இல் சென்னையில் கவனித்துப் பதிவு செய்யப்பட்டதால் மெட்ராஸ் ஐ என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். எழும்பூர் அரசுக் கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கியது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. நோயைப் பிடித்து எழுதிவைக்க ஆள் இருந்ததால்தான் பழியும் நம் பெயரில் விழுந்தது என்று நினைக்கிறேன். பெரும்பாலும் அடினோ வைரஸ். மேஜையில், துண்டில், லென்ஸில் நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

2022 மழைக்காலத்தில் அது தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அப்போது கவசத்தைக் கழற்றியிருந்தோம். கை கழுவுவதையும் விட்டிருந்தோம். அலுவலக வாசலில் சானிடைசர் ஸ்டாண்ட் காலியாகி, அதன் மேல் யாரோ குடையை மாட்டியிருந்தார்கள். எங்கள் பிரிவில் ஏழு பேருக்கு வந்தது, நான் மூன்றாவது. காலையில் இமை ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை. மருத்துவரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "லென்ஸ் போடுவீங்களா?" இரண்டாவது, "வீட்டில கண்ணாடி இருக்கா, சரியான பவர்ல?"

இருந்தது. 2020 கற்றுக்கொடுத்ததில் எனக்குத் தங்கிய ஒரே நல்ல பழக்கம் அது. லென்ஸ், டப்பா, பாதி இருந்த சொல்யூஷன் மூன்றையும் ஒரு பையில் கட்டிப் போடச் சொன்னார். கண் வெளுத்து, அவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே புதிது. மூன்று வாரம் கண்ணாடியோடு இருந்தேன். இப்போது தினசரி லென்ஸ்தான். செலவு கூடுதல், அதனால் வாரத்தில் மூன்று நாள் மட்டும். ஊறவைக்கவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். குளிக்கப் போகும் முன் கழற்றிக் குப்பையில் போட்டுவிடுகிறேன். கை துடைக்க வாஷ்பேசின் பக்கத்தில் பஞ்சு பிரியாத ஒரு தனித் துண்டு தொங்குகிறது. அதில் வேறு யாரும் கை வைத்தால் சண்டை. மிளகாய் நறுக்குவது அண்ணன் வேலை.

நீங்கள் மாத லென்ஸ் போடுகிறவராக இருந்தால், படித்து முடித்ததும் எழுந்து போய் உங்கள் டப்பாவைத் திறந்து உள்சுவரை விரலால் ஒரு தடவை தடவிப் பாருங்கள். வழுக்கினால் லென்ஸோடு சேர்த்துத் தூக்கிப் போடுங்கள். வழுக்காவிட்டாலும் மூன்று மாதத்துக்கு மேலானதென்றால் டப்பாவைத் தூக்கிப் போடுங்கள். புதுச் சொல்யூஷன் பாட்டில் வாங்கினால் அனேகமாக டப்பா சும்மாவே வரும்.